நிசான் சனி 14 காருக்கு வீட்டிலேயே பிரைமர்: பெயின்ட் கன் ஒருபக்கமாக அடிக்கிறது, பரப்பு மணல்போல் இருக்கிறது

தெஹிவளை_சனி14
வெள்ளி, இரவு 9.40

எல்லோருக்கும் வணக்கம். அப்பாவின் 1996 நிசான் சனி, எஃப்.பி. 14, வெள்ளி மெட்டாலிக் நிறம். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றபோது, இதை விற்றால் இன்னொன்று வாங்க முடியாது என்று வைத்துக்கொண்டோம். 2025 பெப்ரவரியில் இறக்குமதி திறந்த பிறகும் விலை எங்களுக்கு எட்டவில்லை. எஞ்சின் நன்றாக இருக்கிறது. ஆனால் காலி வீதிக்கும் கடலுக்கும் நடுவில் வீடு. உப்புக்காற்றில் நான்கு கதவுகளின் கீழ் விளிம்பும் துருவேறி, பொனட்டில் கிளியர் (மேலே உள்ள நிறமற்ற பளபளப்புப் பூச்சு) உரிந்துவிட்டது.

துருவைச் சுரண்டி, புட்டி வைத்து, தேய்த்து, முன் கதவு ஒன்றுக்குப் போன ஞாயிறு பிரைமர் (நிறத்துக்கு அடியில் போகும் முதல் பூச்சு) அடித்தேன். கதவின் முன்பாதி தூள் தூவியதுபோல் சொரசொரப்பு. பின்பாதியில் கட்டி கட்டியாகத் தெறித்திருக்கிறது. அதோடு, அடிக்கும்போது ஒரு பக்கம் தடிப்பாகவும் மறுபக்கம் மெல்லியதாகவும் விழுகிறது.

என்னிடம் இருப்பது: மேலே கோப்பை உள்ள எச்.வி.எல்.பி கன் (குறைந்த அழுத்தத்தில் நிறையக் காற்று விடும் வகை), 1.4 மில்லிமீற்றர் நொசில். 2 குதிரைவலு, 50 லீற்றர் கொம்பிரஷர். சுருள் ஹோஸ். சுவரில் உள்ள ரெகுலேட்டரில் காற்றழுத்தம் 50 பிஎஸ்ஐ வைத்தேன். பெயின்ட் திருகை ஒரு சுற்று மட்டும் திறந்தேன், ஒழுகிவிடும் என்ற பயம். அதே பயத்தில் ஒரு அடிக்கும் மேலே தள்ளி நின்று அடித்தேன்.

கன்னிலுள்ள மூன்று திருகுகளையும் எந்த அளவில் வைக்க வேண்டும் என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள். நான் வேலைக்குப் போகிறவன், ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் நேரம்.

---

கொட்டாஞ்சேனை_ஓட்டோ
வெள்ளி, இரவு 10.15

எனக்கும் என் ஓட்டோவுக்கு அடித்தபோது இதேதான். காற்றைக் குறைத்தேன், தூள் நின்றது. 50 அதிகம். 25க்கு இறக்கிப் பாருங்கள்.

---

பஞ்சிகாவத்தை_கை
சனி, விடிய 6.05

தம்பி, 22 வருடம் இந்தக் கன்னைப் பிடித்தவன் சொல்கிறேன், கொஞ்சம் நீளமாக இருக்கும்.

முன்பாதி தூள், பின்பாதி கட்டி என்று நீங்கள் எழுதியதிலேயே விடை இருக்கிறது. ஒரே கன், ஒரே பெயின்ட், ஒரே கை. பாதி வழியில் மாறியது காற்று ஒன்றுதான். ட்ரிகரை அழுத்தாதபோது மீற்றர் காட்டுவது நின்றுகொண்டிருக்கும் காற்றின் அழுத்தம். அழுத்தியவுடன் காற்று ஓடத் தொடங்குகிறது, சுருள் ஹோஸின் மெல்லிய துவாரத்தில் பாதி அங்கேயே தொலைகிறது. பிறகு 50 லீற்றர் தொட்டியும் இறங்க இறங்க, பின்பாதிக்கு வரும்போது கன்னுக்குக் காற்றே காணாது. பெயின்ட் உடையாமல் துளியாகத் தெறிக்கிறது.

ஆகவே முதல் வேலை திருகு அல்ல. கன்னின் அடியில், ஹோஸ் பூட்டும் இடத்தில், ஒரு சின்ன மீற்றர் பூட்டுங்கள். ட்ரிகரை முழுதாக அழுத்திப் பிடித்தபடியே ரெகுலேட்டரைத் திருப்பி அந்த மீற்றரில் 26 முதல் 29 வரைக்குள் கொண்டுவாருங்கள். எச்.வி.எல்.பி கன்னில் மூக்கு வழியாக வெளியேறும் அழுத்தம் 10 பிஎஸ்ஐயை மிஞ்சாது. அதற்கு உள்ளே இவ்வளவு காணும். உங்கள் கன்னின் உடம்பிலேயே அளவு குத்தியிருந்தால் அதையே எடுங்கள். ஓட்டோத் தம்பி சொன்ன 25 கன்னின் வாயில் என்றால் கிட்டத்தட்டச் சரி. சுவரில் 25 வைத்தால் கன்னுக்கு 12கூட வராது.

சுருள் ஹோஸ் டயருக்குக் காற்றடிக்க நல்லது, பெயின்ட்டுக்கு வேண்டாம். உள் துவாரம் 10 மில்லிமீற்றர் உள்ள நேர் ஹோஸ், 10 மீற்றருக்கு மேல் போகாமல் வாங்குங்கள். பூட்டுகிற கப்ளிங்கின் துவாரத்தையும் பாருங்கள். அதுவும் குறுகலாக இருந்தால் தடித்த ஹோஸ் வாங்கியும் பயனில்லை.

இனித் திருகுகள். மேலே இருப்பது விசிறித் திருகு, பின்னால் ஊசிக்கு நேராக இருப்பது பெயின்ட் திருகு, அடியில் காற்றுத் திருகு. காற்றுத் திருகை முழுதாகத் திறந்துவிட்டு மறந்துவிடுங்கள். விசிறியை முழுதாகத் திறந்து, அரைச் சுற்று மட்டும் திரும்ப மூடுங்கள். பெயின்ட் திருகை இறுக மூடி, ட்ரிகரைப் பிடித்தபடி இரண்டரைச் சுற்று திறவுங்கள். பிரைமருக்கு இது தொடக்கம். இங்கிருந்து கூட்டுவதா குறைப்பதா என்பதைக் காகிதம்தான் சொல்லும்.

பழைய பேப்பரைச் சுவரில் ஒட்டி, ஒரு சாண் தூரத்தில் கன்னை அசையாமல் பிடித்து, ஒரே ஒரு விநாடி அழுத்தி விடுங்கள். நல்ல விசிறி 20 முதல் 25 சென்ரிமீற்றர் உயரத்தில், இரு முனையும் மெல்லக் கரைகிற நீள முட்டையாக விழும். நடுவில் குவிந்தால் பெயின்ட் கூட அல்லது காற்று காணாது. நடு ஒடுங்கி இரண்டு முனையும் தடித்தால் காற்று கூட அல்லது பெயின்ட் காணாது. வாழைப்பழம்போல் வளைந்தால், கன்னின் மூக்கில் இரு பக்கமும் நீட்டி நிற்கும் கொம்புகளின் துவாரம் ஒன்று அடைத்திருக்கிறது.

அடுத்தது ஒழுக்குப் பார்ப்பது. மூக்கிலுள்ள கேப்பைக் கால் சுற்றுத் திருப்பி, கொம்பு இரண்டும் மேலும் கீழுமாக வரச் செய்யுங்கள். இப்போது விசிறி படுக்கையாக விழும். பெயின்ட் வழியத் தொடங்கும்வரை ட்ரிகரை விடாமல் பிடியுங்கள். சீப்புப் பல்போல் எல்லா ஒழுக்கும் ஒரே நீளத்தில் இறங்கினால் கன் தயார். நடுவில் நீண்டும் ஓரத்தில் குறுகியும் இறங்கினால் இன்னும் சரிப்படுத்த வேண்டும்.

இன்று கதவைத் தொட வேண்டாம். காகிதத்தில் மட்டும் அடியுங்கள். என்ன வருகிறது என்று எழுதுங்கள்.

---

தெஹிவளை_சனி14
சனி, பின்னேரம் 5.30

அண்ணா, இவ்வளவு பொறுமையாக எழுதியதற்கு நன்றி. மீற்றர் வாங்கிப் பூட்டினேன். சுவரில் 50 வைத்துவிட்டு ட்ரிகரை அழுத்தினால் கன்னில் 24. அரை நிமிடம் பிடித்தால் 15க்குப் போய்விடுகிறது. நீங்கள் சொன்னதை அப்படியே கண்ணால் பார்த்தேன்.

காகிதத்தில் வாழைப்பழம்தான் வந்தது, வலப்பக்கம் வளைந்து.

---

பஞ்சிகாவத்தை_கை
சனி, பின்னேரம் 6.10

கேப்பை அரைச் சுற்றுத் திருப்பி இன்னொரு முறை அடியுங்கள். வளைவும் இடப்பக்கம் மாறினால் குற்றம் கேப்பில். வலப்பக்கமே நின்றால் உள்ளே இருக்கும் நொசிலில்.

---

தெஹிவளை_சனி14
சனி, பின்னேரம் 6.35

இடப்பக்கம் மாறிவிட்டது. கேப்பைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். ஒரு கொம்பின் இரண்டு துவாரங்களில் ஒன்றின் வழியாக வெளிச்சம் வரவில்லை. போன ஞாயிற்றுக்கிழமையின் பிரைமர் சாம்பல் நிறத்தில் உள்ளே காய்ந்திருக்கிறது. தையல் ஊசியால் குத்தி எடுக்கட்டுமா?

---

பஞ்சிகாவத்தை_கை
சனி, பின்னேரம் 6.40

ஊசி, கம்பி எதுவும் வேண்டாம்! அந்தத் துவாரம் மயிரளவு விரிந்தாலும், ஓரத்தில் ஒரு கீறல் விழுந்தாலும், அந்தக் கேப் அதோடு சரி. கேப்பை மட்டும் தின்னரில் ஒரு மணிநேரம் ஊறவிடுங்கள். பிறகு விளக்குமாற்றிலிருந்து ஒரு ஈர்க்கை உருவி, நுனியைச் சீவி, மெதுவாகச் சுழற்றி எடுங்கள். நான் தொழில் பழகிய கராஜில் பாஸ் காதோரம் எப்போதும் ஒரு ஈர்க்கு செருகியிருப்பார்.

முழுக் கன்னையும் தின்னரில் அமிழ்த்தாதீர்கள். உள்ளே இருக்கும் வாஷர்கள் கெட்டு, காற்றும் பெயின்ட்டும் கசியத் தொடங்கும். கோப்பை மூடியிலுள்ள மூச்சுத் துவாரத்தையும் பாருங்கள். அது அடைத்தால் பெயின்ட் இறங்காமல் கன் விக்கி விக்கி அடிக்கும். இன்னும் ஒன்று, ஹார்ட்னர் (பெயின்ட்டை இறுக வைக்கும் திரவம்) கலந்த பெயின்ட் அடித்தால் கன்னைக் கழுவிய பிறகுதான் தேநீர். அதற்கு முன் இல்லை.

---

மட்டக்குளி_வான்
சனி, இரவு 8.20

கை அண்ணா சொன்ன எல்லாம் சரி. ஆனால் ஒன்று. பிரைமருக்கு 1.4 நொசில் சிறிது என்று சிலர் சொல்வார்கள், அதற்காக வேறு கன் வாங்கத் தேவையில்லை. நான் டொல்பின் வானுக்கு 1.4இலேயே அடித்தேன். தின்னரை இரண்டு மடங்கு விட்டால் தண்ணீர்போல் ஓடும்.

---

பஞ்சிகாவத்தை_கை
சனி, இரவு 9.00

ஓடும், ஒத்துக்கொள்கிறேன். அடித்த அன்று அழகாகவும் இருக்கும். ஆனால் பிரைமரின் வேலை சுரண்டிய கோடுகளை நிரப்புவது. தின்னர் கூடினால் காய்ந்த பிறகு நிற்கும் தடிப்பு குறைந்துவிடும். உள்ளே சிக்கிய தின்னர் வாரக்கணக்கில் வெளியேறும். ஒன்றிரண்டு மாதத்தில் கிளியருக்கு அடியில் 180 தேய்ப்புப் பேப்பரின் கோடுகள் ஒவ்வொன்றாகத் தெரியும். இப்படித் திரும்பி வந்த வண்டிகளை நான் நிறையத் தேய்த்திருக்கிறேன்.

நிரப்புகிற பிரைமருக்கு 1.7 அல்லது 1.8 வேண்டும். டின்னில் எந்த அளவு எழுதியிருக்கிறதோ அந்த அளவுக்கு மட்டும் தின்னர். 1.4ஐ பேஸுக்கும் (நிறம் தரும் பூச்சு) கிளியருக்கும் வைத்துக்கொள்ளுங்கள். நொசில் மாற்றுவதென்றால் ஊசி, நொசில், கேப் மூன்றும் ஒரே செட்டாக மாற்ற வேண்டும். தனியே நொசிலை மட்டும் போட்டால் ஊசி அடைக்காது, சொட்டும்.

சனித் தம்பி, உங்கள் கொம்பிரஷர் பெட்டியில் 7 சி.எஃப்.எம் (நிமிடத்துக்கு எத்தனை கன அடி காற்று) போல ஏதாவது எழுதியிருக்கும். அது உள்ளே இழுக்கும் காற்று. வெளியே கிடைப்பது அதைவிடக் குறைவு, 5 கிடைத்தால் பெரிது. பெரிய எச்.வி.எல்.பி கன் 10க்கும் மேலே கேட்கும். குறைந்த காற்றில் அடிக்கிற எல்.வி.எல்.பி கன் 4 முதல் 6க்குள் முடிக்கும். பிரைமருக்கு 1.7இல் அப்படி ஒன்று வாங்குங்கள். மோட்டார் நின்று தொட்டி நிறைந்த பிறகு ஒரு கதவு. பிறகு காத்திருந்து, நிறைந்ததும் அடுத்த கதவு. முழுக் காரையும் ஒரே மூச்சில் அடிக்க இந்தக் கொம்பிரஷரால் முடியாது.

---

வத்தளை_ஆய்வுகூடம்
சனி, இரவு 10.30

இழையை முழுதும் வாசித்தேன். நான் பெயின்ட் ஆய்வுகூடத்தில் வேலை செய்கிறவள், கன் பிடிப்பவள் அல்ல. கை அண்ணா கன்னைப் பற்றிச் சொன்னதில் சேர்க்க ஒன்றும் இல்லை. ஆனால் நம் ஊர்க் காற்றைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

கொழும்பில் 30 பாகை வெப்பமும் 80 சதவீத ஈரப்பதமும் சாதாரண நாள். அந்தக் காற்று ஏறக்குறைய 26 பாகையைத் தொட்டாலே தண்ணீராகப் படியத் தொடங்கும். வெறும் நான்கு பாகை இடைவெளி. தின்னர் ஆவியாகும்போது பரப்பைக் குளிரச் செய்கிறது. வேகமான தின்னர் என்றால் இன்னும் அதிகம் குளிரும். அந்த நான்கு பாகையும் அப்படியே போய்விடும். என்.சி. (நைட்ரோசெலுலோஸ்) பெயின்ட் அடித்தவுடன் வெள்ளையாகப் பூத்துப்போவதைப் பார்த்திருப்பீர்கள். அது இப்படி வந்த ஈரம்தான். சனித் தம்பியின் முன்பாதித் தூளுக்கும் வேகமான தின்னருக்குப் பங்கு இருக்கும். ஒரு அடிக்கும் மேலே இருந்து, கொஞ்சமாக வந்த பெயின்ட், பரப்பைத் தொடும் முன்பே வழியில் காய்ந்துவிட்டது. கடையில் மெதுவாகக் காயும் தின்னர் என்று கேட்டு வாங்குங்கள். விடியற்காலையில் அடிக்க வேண்டாம், ஈரப்பதம் அப்போதுதான் உச்சத்தில். பத்து மணிக்கும் மூன்று மணிக்கும் இடையில், மழை இல்லாத நாளில் அடியுங்கள். மே முதல் செப்ரெம்பர் வரை தென்மேல் பருவக்காற்றுக் காலம், நாளைப் பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டியிருக்கும்.

கொம்பிரஷருக்குள் போகும் காற்றும் இதே காற்றுதான். அமுக்கினால் தண்ணீர் பிரிந்து தொட்டியின் அடியில் தங்கும். தொடங்கும் முன் அடித் திருகைத் திறந்து வடித்துவிடுங்கள். துருநிறத் தண்ணீர் வருவதைப் பார்ப்பீர்கள். ஈரம் பிடிக்கும் வடிகட்டியைக் கொம்பிரஷரின் வாயிலேயே பூட்டாதீர்கள். அங்கே காற்று சூடாக இருக்கும். ஈரம் ஆவியாகவே வடிகட்டியைத் தாண்டிப் போய், ஹோஸில் ஆறியதும் தண்ணீராகும். சில மீற்றர் தள்ளி, காற்று ஆறிய இடத்தில் பூட்டுங்கள்.

இனி நான் உண்மையில் எழுத வந்தது. கடையில் 2கே (ஹார்ட்னர் கலந்து அடிப்பது) என்று விற்கும் பிரைமர், கிளியர் இரண்டின் ஹார்ட்னரிலும் ஐசோசயனேட் என்ற இரசாயனம் இருக்கிறது. அதைச் சுவாசித்தால் சிலருக்கு ஆஸ்துமா உண்டாகும். ஒரு முறை உடம்புக்கு ஒவ்வாமல் போனால், பிறகு மிகச் சிறிய அளவே மூச்சை அடைக்கப் போதும். மணத்தை நம்பி இருக்க முடியாது. மணம் தெரியும் முன்பே பாதுகாப்பான அளவைக் கடந்திருக்கும். மருந்துக்கடைத் துணி முகமூடி எதற்கும் உதவாது. கரி வடிகட்டி உள்ள முகமூடியும் இதற்குப் போதுமான காப்பு அல்ல. முறையான பெயின்ட் அறைகளில் வெளியிலிருந்து குழாயில் சுத்தமான காற்று வரும் முகக்கவசம்தான் போடுகிறார்கள்.

தெஹிவளையில் மதிலோடு மதில் ஒட்டிய வீடுகள். பக்கத்து வீட்டுப் பிள்ளைகளையும் நினையுங்கள். வெறும் இரும்பு தெரிகிற இடத்துக்கு எபொக்சி பிரைமர் எடுங்கள். அதன் ஹார்ட்னர் பெரும்பாலும் அமீன் என்ற வேறு வகை, அதில் ஐசோசயனேட் இல்லை. துருவையும் நன்றாகத் தடுக்கும். கரி முகமூடி, கண்ணாடி, கையுறை அதற்கும் கட்டாயம் வேண்டும். கிளியரை மட்டும் அறை உள்ள இடத்துக்குக் கொண்டுபோய் அடியுங்கள். செலவு கூடும்தான். ஆனாலும் இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

தின்னர் ஆவி காற்றைவிடக் கனமானது, தரையோடு ஊர்ந்து போகும். கராஜுக்குப் பக்கத்தில் சாமியறை இருந்தால் அன்று விளக்கு ஏற்ற வேண்டாம் என்று வீட்டில் சொல்லிவையுங்கள். கொம்பிரஷரின் சுவிட்சும் பொறி தட்டும், அதை வெளியே தள்ளி வையுங்கள்.

---

பஞ்சிகாவத்தை_கை
ஞாயிறு, காலை 7.15

தங்கச்சி சொன்னதை எல்லோரும் இரண்டு முறை வாசியுங்கள். என்னோடு ஒன்றாகத் தொழில் பழகிய ஒருவர் வாயில் கைலேஞ்சி மட்டும் கட்டிக்கொண்டு அடித்துப் பழகினார். இன்று அவரால் பெயின்ட் கடைக்குள்ளேயே நுழைய முடியாது, இழுப்பு வந்துவிடும்.

---

தெஹிவளை_சனி14
மூன்று வாரம் கழித்து, ஞாயிறு, பின்னேரம் 4.20

மன்னிக்கவும், எல்லாம் செய்து முடித்துவிட்டு எழுதலாம் என்று இருந்தேன்.

பஞ்சிகாவத்தைப் பக்கம் போய் 1.7 எல்.வி.எல்.பி கன் ஒன்றும் நேர் ஹோஸும் வாங்கினேன். அக்கா சொன்னபடி எபொக்சி பிரைமர், மெதுவான தின்னர். தொட்டியை வடித்தபோது ஒரு தேநீர்க் கோப்பை அளவு பழுப்புத் தண்ணீர் வந்தது. இதுதான் இவ்வளவு நாளும் என் கதவில் விழுந்ததா என்று திகைத்துப்போனேன். பழைய கேப்பின் துவாரமும் ஈர்க்கால் சுத்தமாகிவிட்டது, இப்போது வெளிச்சம் வருகிறது.

கன்னின் அளவு: கன்னில் 25 பிஎஸ்ஐ (இந்தக் கன்னில் குத்தியிருக்கும் அளவு), பெயின்ட் திருகு இரண்டேகால் சுற்று, விசிறி கால் சுற்று மூடி. காகிதத்தில் ஆறு தடவை அடித்த பிறகுதான் சீப்புப் பல் வந்தது. பிறகு ஒரு சாண் தூரம், போன கோட்டில் பாதியை மூடி அடுத்த கோடு, கதவின் நீளத்தைக் கடக்க ஏறக்குறைய மூன்று விநாடி. மணிக்கட்டை வளைக்காமல் தோளோடு சேர்ந்து நடந்தேன். கதவுக்கு வெளியே ட்ரிகரை அழுத்தி, வெளியே போன பிறகு விட்டேன். அடிக்கும்போது பரப்பு ஈரமாக மினுங்கியது, அப்புறம் ஒரே சீராக மங்கியது. கையால் தடவினால் மழமழப்பு. நான்கு கதவும் பொனட்டும் முடிந்தன.

அப்பா வந்து கதவை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் உள்ளே போய்க் கண்ணாடியை எடுத்துக்கொண்டு வந்து திரும்பவும் பார்த்தார்.

இனி பேஸ். வெள்ளி மெட்டாலிக் என்பதால் பயம். 1.4 எச்.வி.எல்.பி கன்னில் எப்படி வைப்பது? கிளியருக்கு ஒரு கராஜ் அறையைப் பேசி வைத்திருக்கிறேன்.

---

பஞ்சிகாவத்தை_கை
ஞாயிறு, இரவு 8.00

உங்கள் எழுத்தைப் பார்த்து மனம் நிறைந்தது தம்பி.

முதலில் கறுப்புத் தூள் அல்லது கறுப்புப் பெயின்ட்டை மெல்லிய பனிபோல் பிரைமர் மேல் தூவி, 400 பேப்பரை மரக்கட்டையில் சுற்றித் தேயுங்கள். கறுப்பு மிஞ்சுகிற இடம் பள்ளம். கறுப்பு முழுதும் போகும்வரை தேய்த்து, பிறகு 800 வோட்டர் பேப்பர். இரும்பு வெளியே தெரிந்துவிட்டால் அந்த இடத்துக்குத் திரும்பவும் பிரைமர். துடைத்துவிட்டு வெறுங்கையால் தொடாதீர்கள். கை எண்ணெய்யும் டாஷ்போர்டுக்குப் போடும் பொலிஷும் மீன்கண்போல் குழி குழியாகக் காட்டும். கராஜில் அன்று எந்த ஸ்ப்ரே பொலிஷையும் திறக்க வேண்டாம்.

வெள்ளி நிறத்தில் கண்ணுக்குத் தெரிவது உள்ளே மிதக்கும் அலுமினியச் செதில்கள். ஈரமாக அடித்தால் செதில் நீந்தி ஒன்றாகக் கூடி மேகம்போல் திட்டு விழும். ஆகவே பெயின்ட் திருகு ஒன்றரை முதல் இரண்டு சுற்று, காற்று 26. நடுத்தர ஈரத்தில் இரண்டு கோட், ஒவ்வொன்றும் முழுதாக மங்கிய பிறகு அடுத்தது. கடைசியாக ஒன்று: காற்றை 20 வரை இறக்கி, ஒன்றரைச் சாண் தள்ளி நின்று, கையை வேகமாக்கி மெல்லத் தூவுங்கள். மேகம் இருந்தால் அதில் மறையும். பெயின்ட்டை 125 மைக்ரோன் வடிகட்டியில் ஊற்றுங்கள். செதில் அடியில் படியும், கோப்பையை நிரப்பும் ஒவ்வொரு முறையும் கலக்குங்கள்.

எல்லாக் கதவையும் ஒரே நாளில், ஒரே கலவையில், வண்டியில் பூட்டியபடியே அடியுங்கள். கதவைக் கழற்றிக் கிடத்தி அடித்தால் செதில் வேறு மாதிரிப் படுக்கும், பூட்டிய பிறகு நிறம் வேறாகத் தெரியும். உங்கள் கொம்பிரஷருக்கு இது கஷ்டம், ஒவ்வொரு கதவுக்கும் நடுவில் தொட்டி நிறைய வேண்டும். மங்குவதற்கு எப்படியும் பத்து நிமிடம் காத்திருக்க வேண்டும், அந்த நேரம் அதற்குக் காணும்.

அடித்த பிறகு கிளியருக்கு நாட்கணக்கில் விட்டுவிடாதீர்கள். டின்னில் எத்தனை மணிநேரத்துக்குள் என்று எழுதியிருக்கும். சனிக்கிழமை காலை பேஸை அடித்துவிட்டு, பின்னேரம் அந்த அறைக்கு ஓட்டிப் போனால் வழியில் காலி வீதித் தூசி முழுதும் அதில்தான். அந்த அறைக்காரரிடம் கேட்டுப் பாருங்கள், பேஸையும் அங்கேயே உங்கள் கையால் அடிக்க விடுவார்களா என்று. அவர்களுடைய கொம்பிரஷரும் பெரிதாக இருக்கும்.

---

தெஹிவளை_சனி14
ஞாயிறு, இரவு 9.10

கேட்டேன் அண்ணா. சரி என்கிறார்கள். அடுத்த சனிக்கிழமை காலை பத்து மணிக்கு வரச் சொன்னார்கள். முகக்கவசமும் அவர்களிடம் இருக்கிறது, வெளியிலிருந்து காற்று வருகிற வகை என்று குறிப்பாகக் கேட்டு உறுதிப்படுத்தினேன்.

---

வத்தளை_ஆய்வுகூடம்
ஞாயிறு, இரவு 9.25

அந்தக் கடைசி வரிக்கு மிக்க நன்றி தம்பி.

---

பஞ்சிகாவத்தை_கை
ஞாயிறு, இரவு 9.40

கன்னை நீங்களே கொண்டுபோங்கள், பழகிய கன்தான் நல்லது. அங்கே போனதும் அவர்களுடைய காற்றில் மீற்றரைத் திரும்பவும் பாருங்கள், இங்கே வைத்த அளவு அங்கே செல்லாது. கொஞ்சம் பழைய பேப்பரும் ஒரு ஈர்க்கும் எடுத்துக்கொள்ளுங்கள்.